தாடைமூட்டு வலி: காரணம் தேடிய வரலாறு

காது மடலுக்குச் சற்று முன்பாக விரல் நுனியை வைத்துக்கொண்டு வாயைத் திறந்து மூடிப் பார்க்கும் எவருக்கும், தோலின் அடியில் ஓர் எலும்புக் குமிழ் முன்னும் பின்னும் ஓடுவது புலனாகும். கீழ்த்தாடை மண்டையோட்டோடு இணையும் இடம் அதுவே. அம்மூட்டில் வலி தோன்றுவதும், தாடை பிடித்துக்கொண்டு வாய் திறவாமற் போவதும், மெல்லும்போதெல்லாம் சொடுக்கு விடுவது போன்ற ஓசை கேட்பதும் மிகப் பழமையான துன்பங்கள். ஆயினும் அவற்றின் காரணத்தை வைத்திய சாஸ்திரம் ஒருவாறு தெளிந்தது சென்ற ஒரு நூற்றாண்டுக்குள்ளேதான். அத்தெளிவும் நேர்வழியில் வந்ததன்று. பல்லின்மீது பழி சுமத்தியும், மூட்டினுள் இருக்கும் தட்டின்மீது பழி சுமத்தியும், நோயாளியின் மனத்தின்மீதே பழி சுமத்தியும், ஒவ்வொரு தலைமுறையும் தன் கையிலிருந்த கருவிக்கு இசைந்த ஒரு காரணத்தைக் கண்டு, அதனையே முழுக் காரணமென்று துணிந்து, சில வேளைகளில் மீட்க இயலாத சேதத்தையும் விளைவித்த பின்னரே தன் பிழையை உணர்ந்திருக்கிறது. அந்த வரலாற்றைத் தொடர்ந்து நோக்குவதே இக்கட்டுரையின் கருத்து.

மூட்டின் அமைப்பைச் சிறிது அறிந்துகொள்ளாவிடில் பின்வரும் வாதப் பிரதிவாதங்கள் விளங்கமாட்டா. கீழ்த்தாடையின் மேல் நுனியிலுள்ள குமிழுக்கும், பொட்டெலும்பின் அடியிலுள்ள குழிக்கும் இடையே நார்க்குருத்தாலாகிய மெல்லிய தட்டு ஒன்று அமைந்து, மூட்டை மேலறை கீழறை என இரண்டாகப் பகுக்கின்றது. வாயைத் திறக்கத் தொடங்கும்போது கீழறையில் குமிழ் கதவுக்கீலைப் போலச் சுழல்கின்றது. மேலும் அகலத் திறக்கும்போது, குமிழும் தட்டும் ஒன்றுசேர்ந்து மேலறையில் முன்னோக்கி வழுக்கிச் செல்கின்றன. சுழற்சியும் வழுக்கலும் இவ்வாறு ஒன்றாக நிகழும் மூட்டு உடலில் வேறிடங்களில் அரிது. இதனினும் விசேஷமானது, வலமும் இடமுமாகிய இரண்டு மூட்டுக்களும் ஒரே எலும்பின் இரு முனைகளாக இருத்தல். ஆதலின் ஒன்று தனித்து அசைய வழியில்லை, ஒன்றின் குறை மற்றொன்றையும் தாக்கும். இவ்வளவையும் இயக்குவன கன்னத்திலும் பொட்டிலும் தாடையின் உட்புறத்திலும் அமைந்த மெல்லும் தசைகள். சுகமாயிருக்கும் ஒருவர் தம் மூன்று விரல்களை நெட்டாக அடுக்கி முன்பற்களின் இடையே நுழைக்கக்கூடும். அளவிற் சொன்னால் அது 40 மில்லிமீட்டருக்குக் குறையாது.

பண்டைய வைத்தியர்கள் இம்மூட்டைப்பற்றி எழுதியவற்றுள் நமக்குக் கிடைப்பனவற்றுள் மிகப் பழையது எகிப்தில் எழுதப்பட்ட ஒரு பாப்பிரஸ் சுருள். 1862-ஆம் ஆண்டில் லக்ஸர் நகரில் எட்வின் ஸ்மித் என்பவர் விலைக்கு வாங்கியதனால் அவர் பெயரையே பெற்ற அச்சுருள், கி.மு. 1600-ஐ ஒட்டிப் படியெடுக்கப்பட்டது; அதன் மூலம் இன்னும் பல நூற்றாண்டுகள் பழமையுடையதென்று அறிஞர் கருதுவர். அதிலுள்ள 25-ஆவது நோயாளியின் வரலாறு, வாய் திறந்தபடியே நின்றுவிட்ட ஒருவனைப்பற்றியது. வைத்தியன் தன் கட்டைவிரல்களை வாயினுள் தாடையின் இரு கிளைகளின்மேலும், ஏனைய விரல்களை மோவாயின் கீழும் வைத்து, தாடையைப் பின்னோக்கித் தன் நிலையில் விழச் செய்யவேண்டுமென்றும், பின்னர் மருந்தும் தேனும் இட்டு நாள்தோறும் கட்டவேண்டுமென்றும் அது விதிக்கின்றது. இன்று ஆஸ்பத்திரியில் இளம் வைத்தியர்கள் கற்றுக்கொள்ளும் முறையும் ஏறத்தாழ இதுவே. கிரேக்க தேசத்து ஹிப்பாக்ரடீஸின் பெயரால் வழங்கும் மூட்டுக்களைப்பற்றிய நூலும், ஒருவர் தலையைப் பற்றிக்கொள்ள மற்றொருவர் தாடையை உள்ளும் புறமும் பிடித்து, நோயாளியை வாயைத் தளரவிடச் சொல்லி, அசைத்து, அழுத்தி, பின்தள்ளும் வகையை விளக்குகின்றது.

நம் நாட்டு ஆயுர்வேத நூல்கள் நிலைபெயர்தலை மட்டுமன்றி இறுக்கத்தையும் ஆராய்ந்தன என்பது கருதத்தக்கது. சுசுருத சங்கிதை தாடைச் சந்தி நிலைகுலைதலை ஹனுமோட்சம் என்று பெயரிட்டுப் பல்நோய்களோடு சேர்த்து எண்ணியது. வாக்படர், நாவை அளவுக்கு மிஞ்சி வழித்தல், உலர்ந்த கடின பதார்த்தங்களை மெல்லுதல், அடிபடுதல் ஆகியவற்றால் வாயு சினந்து தாடையின் மூலத்தில் தங்கி, வாயைத் திறந்தபடியேனும் மூடியபடியேனும் நிறுத்திவிடும் என்றார். சரக சங்கிதையோ, திறந்தபடி நின்றுவிட்ட தாடைக்கு முதலில் ஒற்றடமிட்டு இளக்கி, கட்டைவிரல்களால் அழுத்தி, சுட்டுவிரல்களால் மோவாயை உயர்த்தும்படி கூறுகின்றது. இந்நூல்களின் தோஷக் கொள்கையை இன்றைய உடலியலோடு ஒட்டவைத்துப் பெருமை பேசுவது ஆராய்ச்சியாகாது. எனினும் மெல்லுதலின் மிகுதியையும் அடியையும் காரணங்களாகவும், வெப்பத்தையும் கைத்திறத்தையும் சிகிச்சையாகவும் அவர்கள் கண்டது கூர்மையான அநுபவத்தின் பயன் என்பதில் ஐயமில்லை. இக்கட்டுரையின் பிற்பகுதியில் அவ்விரு சிகிச்சைகளும் மீண்டும் நம் கண்முன் வரும்.

அதன்பின் நெடுங்காலம் இத்துறையில் பெரிய மாறுதல் நிகழவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், லண்டனில் புகழ்பெற்றிருந்த ரண வைத்தியர் ஸர் ஆஸ்ட்லி கூப்பர், தாடை முழுதும் நழுவாமலே அதன் குமிழ் இடைத்தட்டிலிருந்து விலகக்கூடும் என்பதையும், ஓசையும் வலியும் அதனால் விளையும் என்பதையும், இளம் பெண்களிடம் இது மிகுதி என்பதையும் குறித்தார். இந்நோய் ஆடவரினும் பெண்டிரை ஏறத்தாழ இரு மடங்கு வருத்துகின்றதென்று இன்றைய கணக்குகளும் கூறும். எடின்பரோவைச் சேர்ந்த தாமஸ் அன்னண்டேல், 1887-ஆம் ஆண்டில், நழுவிய தட்டை மூட்டைத் திறந்து மீண்டும் தன் இடத்தில் தைத்து நிறுத்திய வரலாற்றை வெளியிட்டார். எக்ஸ்-கதிர் கண்டுபிடிக்கப்படாத காலத்தில் அவர் தட்டின் நிலையை ஊகித்தது வியக்கத்தக்கது. ஆனால் அவர் காட்டிய வழியில் அப்போது பின்சென்றவர் மிகச் சிலர். அந்த எண்ணம் ஏறக்குறைய தொண்ணூறு ஆண்டுகள் உறங்கிற்று.

தாடைமூட்டு வலியை ஒரு தனி நோயாக உலகம் அறியச் செய்தவர் பல் வைத்தியருமல்லர், எலும்பு வைத்தியருமல்லர். அமெரிக்காவில் ஸெயிண்ட் லூயி நகரத்துக் காது, மூக்கு, தொண்டை வைத்தியர் ஜேம்ஸ் காஸ்டன். காதடைப்பு, இரைச்சல், தலைசுற்றல், காதைச் சுற்றி வலி, நாக்கெரிச்சல் என்று தம்மிடம் வந்தவர்களுள், காதில் குற்றம் ஒன்றும் காணப்படாத 11 பேரின் வரலாற்றை 1934-இல் அவர் வெளியிட்டார். அவர்களிற் பலர் கடைவாய்ப் பற்களை இழந்தவர்கள். பின்பற்கள் இல்லாமையால் கீழ்த்தாடை அளவுக்கு மீறி மேலே ஏறி, அதன் குமிழ் பின்னோக்கிச் சென்று, காதின் அருகிலுள்ள நரம்புகளையும் நடுச்செவிக்குச் செல்லும் குழாயையும் நெருக்குகின்றது என்பது அவர் கொள்கை. பல்லை உயர்த்தும் தகடும் செயற்கைப் பல்வரிசையும் பொருத்தி, கடியின் உயரத்தை மீட்டால் துன்பம் நீங்கும் என்றார். பலருக்கு நீங்கவும் நீங்கிற்று.

அக்கொள்கை விரைந்து பரவியதற்குக் காரணம் அதன் எளிமையே என்று எண்ணுகிறேன். நோயாளிக்குக் கண்ணாற் காணத்தக்க ஒரு குறை சொல்லப்பட்டது. பல் வைத்தியருக்குத் தம் கைக்கு அடங்கிய ஒரு வேலை கிடைத்தது. கலிபோர்னியாவில் 1926-இல் தோன்றிய ஒரு சங்கத்தார் முதலாக, மேற்பல்லும் கீழ்ப்பல்லும் இன்ன விதமாகத்தான் பொருந்தவேண்டும் என்ற கணிதத்தை வளர்த்துக்கொண்டிருந்தவர்களும் பலர். இவ்விரண்டு போக்கும் கலந்தபோது, தாடை வலிக்கிறதென்று வந்தவரின் பற்களை அரத்தால் தேய்த்துச் சமன் செய்வதும், வரிசை முழுவதற்கும் உறையிடுவதும் சாஸ்திரீயமான சிகிச்சையென்ற மதிப்பைப் பெற்றன. தேய்த்த பல் மீண்டும் வளராது என்ற எளிய உண்மையை அன்று நின்று நிதானித்தவர் குறைவு.

காஸ்டனின் கொள்கைக்கு முதல் அடி உடற்கூற்று நிபுணரிடமிருந்து வந்தது. வியன்னாவிலிருந்து அமெரிக்காவில் குடியேறிய ஹாரி ஸிக்கெர், 1948-இல், காஸ்டன் கூறிய வகையில் குமிழ் அந்த நரம்புகளை நெருக்க உடற்கூற்றின்படி இடமில்லை என்று நிறுவினார். தாடை பாரத்தைத் தாங்குவது குழியின் கூரையிலன்று, அதன் முன்னுள்ள சரிவிலே. காஸ்டன் குறித்த நரம்புகளோ அந்த அழுத்தத்திற்கு எட்டாத இடங்களில் பாதுகாப்பாகச் செல்கின்றன. காரணம் பொய்யாயிற்று. ஆனால் சிகிச்சையாற் சிலர் குணமடைந்தது மெய்யாக நின்றது. பிழையான காரணத்தின்மேல் எழுந்த சிகிச்சை எவ்வாறு பலன் தந்தது என்ற கேள்வியே அடுத்த முப்பது ஆண்டுகளின் ஆராய்ச்சிக்கு வித்தாயிற்று.

நியூயார்க்கில் கொலம்பியா சர்வகலாசாலையின் பல் வைத்தியக் கல்லூரியில் 1949-இல் தாடைமூட்டுக்கென்று ஒரு தனிச் சிகிச்சைப் பிரிவு தொடங்கிற்று. அதனை நடத்திய லாஸ்லோ ஷ்வார்ட்ஸ், நூற்றுக்கணக்கான நோயாளிகளைப் பரிசீலித்து, அவர்களுட் பெரும்பாலோரிடம் மூட்டில் புலப்படத்தக்க சேதம் ஒன்றுமில்லை என்றும், வலியின் இருப்பிடம் மெல்லும் தசைகளின் இறுக்கமே என்றும் கண்டார். குளிர்விக்கும் எத்தில் குளோரைடைக் கன்னத்தில் பீச்சி, வலி மரத்திருக்கும் அந்தச் சிறு பொழுதில் தாடையை மெல்ல அசைத்துப் பழக்கும் முறையை அவர் கைக்கொண்டார். பின்னர் ஜனாதிபதி கென்னடியின் வைத்தியராக விளங்கிய ஜானெட் டிராவெல் அம்மையார், 1960-இல் வெளியிட்ட கட்டுரையில், கழுத்திலும் கன்னத்திலுமுள்ள தசைகளின் சில முடிச்சுகளை அழுத்தினால் வலி அவ்விடத்தில் தோன்றாமல் காதிலும் பொட்டிலும் பற்களிலும் தோன்றுவதை விளக்கினார். காதில் குற்றமில்லாத காதுவலி எங்கிருந்து வருகிறதென்று காஸ்டனைத் திகைக்க வைத்த வினாவுக்கு இதனால் பெரிதும் விடை கிடைத்தது. குற்றமற்ற பற்களைப் பிடுங்கியும் தீராத பல்வலிகள் சிலவற்றின் மர்மமும் இதுவேயாம்.

தசை ஏன் இறுகுகின்றது? இவ்வினாவுக்கு 1969-இல் சிகாகோவின் டேனியல் லாஸ்கின் விடை கூற முற்பட்டார். மனநெருக்கடியால் பற்களை இறுகக் கடித்தலும் அரைத்தலும் வழக்கமாகி, தசைகள் களைத்து, களைப்பினால் இறுகுகின்றன என்றும், பல் பொருத்தத்தின் மாறுதல் இதன் காரணமாவதினும் விளைவாவதே மிகுதி என்றும் அவர் வாதித்தார். அவரும் அவருடைய சகாவான சார்ல்ஸ் கிரீனும் சேர்ந்து நடத்திய பரீட்சைகளுள் ஒன்று என் உள்ளத்தில் எப்போதும் நிற்பது. 25 நோயாளிகளுக்குப் பற்களைத் தேய்த்துச் சமன்செய்வதாகச் சொல்லி, உண்மையில் பல்லின் கடிபரப்பைத் தொடாமலே அந்தச் சடங்கை மட்டும் நிகழ்த்தினர். அவர்களுள் 16 பேருக்கு வலி முழுதுமோ பெரும்பாலுமோ நீங்கிற்று. 1976-இல் வெளியான இம்முடிவு, பல் தேய்த்தலின் வெற்றிகளில் எவ்வளவு நம்பிக்கைக்கும், கவனத்துக்கும், நோயின் இயல்பான தணிவுக்கும் உரியதென்று கேட்காமற் கேட்டது. அந்நோயாளிகளின் வலி கற்பனை என்பது இதன் பொருளன்று. மெய்யான வலியும் ஆறுதலாலும் காலத்தாலும் தணியும் என்பதே பொருள். இவ்வேறுபாட்டை உணராமல், ‘எல்லாம் மனப்பிராந்தி’ என்று எத்தனையோ பெண்களைத் திருப்பியனுப்பிய வைத்தியர்கள் லாஸ்கினின் கருத்துக்கே தீங்கிழைத்தார்கள்.

இதே காலத்தில் அன்னண்டேலின் தட்டு மீண்டும் விழித்தெழுந்தது. டென்மார்க்கில் நோர்கார்ட் என்பவர் 1940-களில் மூட்டறையினுள் சாயத்தைச் செலுத்திப் படமெடுக்கும் முறையைத் தொடங்கியிருந்தார்; 1970-களில் அமெரிக்கர் அதனை விரிவாகப் பயன்படுத்தித் தட்டு முன்னோக்கி நழுவியிருப்பதை நேரே கண்டனர். வாய் திறக்கும்போது குமிழ், நழுவிய தட்டின்மீது தாவி ஏறும் ஓசையே சொடுக்கு. தாவ முடியாமற் போனால் வாய் பாதியில் நின்றுவிடும். இது சரியான விளக்கந்தான். ஆனால் காண்பதையெல்லாம் திருத்தியே தீரவேண்டும் என்ற ஆர்வமும் அதனுடன் பிறந்தது. தட்டைத் தைப்பவர் தைத்தனர், அகற்றுபவர் அகற்றினர், அகற்றிய இடத்தில் எதையேனும் வைக்கவேண்டுமே என்ற கவலையில் செயற்கைத் தட்டுக்கள் புறப்பட்டன.

அவற்றுள் ஒன்றின் வரலாறு விரிவாகச் சொல்லத்தக்கது. ஹூஸ்டன் நகரத்து விடெக் என்னும் கம்பெனி, டெஃப்லான் கலந்த புரோப்ளாஸ்ட் என்ற பொருளாற் செய்த தட்டை, அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 1983-இல் முன்னிருந்த பொருள்களுக்கு ஒப்பானதென்று ஏற்று விற்பனைக்கு விட்டது. தாடைமூட்டில் அது தாங்குமா என்பதற்கு நீண்டகாலப் பரிசோதனை இல்லை. பல்லாயிரக்கணக்கானோரின் தாடைகளில் அது பொருத்தப்பட்டது. மெல்லும் விசையில் அத்தட்டு நொறுங்கித் துகளாக, அத்துகள்களை அந்நியப் பொருளென்று தாக்கிய உடலின் உயிரணுக்கள் பக்கத்திலிருந்த எலும்பையும் அரித்தன. சிலரிடம் அவ்வரிப்பு மண்டையோட்டின் அடித்தளம்வரை சென்றது. கம்பெனி 1990-இல் திவாலாயிற்று. அவ்வாண்டின் இறுதியில் நிர்வாகம் எச்சரிக்கை விடுத்து, 1991-இல் அப்பொருளைத் திரும்பப் பெறச் செய்தது. 1992-இல் அமெரிக்கக் காங்கிரஸின் உபகமிட்டி இதனைக் குறித்து விசாரணை நடத்திற்று. ஒரு சொடுக்கு ஓசையோடு வைத்தியரிடம் சென்று, பத்துக்கும் மேற்பட்ட ரண சிகிச்சைகளுக்கு ஆளாகி, முன்னிருந்ததினும் கொடிய வலியோடு வாழ நேர்ந்தவர்களின் வாழ்க்கையை எந்த விசாரணையும் மீட்டுத் தரவில்லை. வைத்திய சரித்திரத்தில் இது மறக்கத்தகாத அத்தியாயம்.

துயரத்தை மிகுவிப்பது யாதெனில், காந்த அதிர்வுப் படங்கள் வந்தபின் வெளிப்பட்ட உண்மை. வலியே அறியாத சுகதேகிகளைப் படமெடுத்துப் பார்த்தபோது, ஏறத்தாழ மூவரில் ஒருவருக்குத் தட்டு நழுவியிருந்தது. நழுவிய தட்டோடு வாழ்நாள் முழுதும் நன்றாக மென்று உண்பவர் பலர் உளர் என்பது அதனால் தெளிவாயிற்று. 1991-இல் ஜெருசலேமைச் சேர்ந்த டொரிட் நிட்ஸான் அம்மையாரும் அவர் குழுவினரும், திடீரெனப் பூட்டிக்கொண்ட மூட்டின் மேலறையை இரண்டு ஊசிகளால் உப்பு நீர் பாய்ச்சிக் கழுவிய மாத்திரத்திலேயே வாய் திறந்ததைக் காட்டினர். தட்டு இருந்த இடத்திலேயே இருக்க, நோயாளி வாயைத் திறந்தார். தட்டின் நிலையே முழுக் காரணம் என்ற கொள்கை அத்துடன் தளர்ந்தது.

நோயை வகைப்படுத்தும் முயற்சியும் இதனிடையே வளர்ந்தது. 1992-இல் ட்வார்கின், லெரெஷ் என்னும் ஆராய்ச்சியாளர் வகுத்த அளவுகோல், உடற்குறிகளை ஓர் அச்சிலும், வலி ஒருவரின் மனத்தையும் வாழ்க்கையையும் எவ்வளவு பாதிக்கிறதென்பதை மற்றோர் அச்சிலும் வைத்து அளந்தது. 2014-இல் அது திருத்தி வெளியிடப்பட்டது. 2006-இல் அமெரிக்காவில் நான்கு நகரங்களில் தொடங்கிய பேராராய்ச்சி ஒன்று, தாடைவலி இல்லாத 2,737 பேரை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனித்தது. அவர்களுள் 260 பேருக்குப் புதிதாக நோய் தோன்றிற்று. யாருக்குத் தோன்றும் என்பதை முன்னரே காட்டியவற்றுள் வலியவை பல் பொருத்தமல்ல. உடலின் வேறிடங்களில் இருந்த வலிகளும், உறக்கக் குறைவும், பொதுவான உடல்நலக் குறிகளுமே.

தமிழ் வாசகர் கருதவேண்டிய வேறொன்றும் உண்டு. நம்மிடையே வாய் திறவாமைக்குக் காரணம் எப்போதும் மூட்டன்று. 1952-இல் கென்யாவில் வாழ்ந்த இந்தியப் பெண்கள் ஐவரிடம் முதன்முதலாக விவரிக்கப்பட்டு, மறு ஆண்டில் நம் நாட்டிலும் ஆராயப்பெற்ற வாய்ச்சவ்வு நாராக்க நோயில், கன்னத்தின் உட்புறம் வெளுத்துத் தடித்துக் கயிறுபோல இறுகுகின்றது; காரம் பட்டால் எரிகின்றது; வாய் சிறுகச் சிறுகக் குறுகுகின்றது. இதன் காரணம் பாக்கு. இது புற்றுநோயாக மாறவும் கூடும். பாக்கும் பான்மசாலாவும் மெல்லும் ஒருவர் வாய் திறக்கவில்லையென்று வந்தால், மூட்டை நோக்குமுன் கன்னத்தினுள் நோக்கவேண்டும்.

இனி, இவ்வளவு நெடிய ஆராய்ச்சி துன்பமுற்றவருக்கு என்ன தருகின்றது? 2023-ஆம் ஆண்டின் இறுதியில் பிரிட்டிஷ் மெடிகல் ஜர்னலில் வெளியான நெறிமுறை, நாட்பட்ட தாடைமூட்டு வலிக்கு உறுதியாகப் பரிந்துரைப்பன, பயிற்சி பெற்றவரின் கைகளால் தாடையை அசைத்து இளக்குதலும், தசை முடிச்சுகளை அழுத்தி விடுவித்தலும், தாடைக்கும் கழுத்துக்குமான பயிற்சிகளும், மனத்தையும் பழக்கத்தையும் சீராக்கும் ஆலோசனையும், நோயைப்பற்றிய விளக்கமும் தைரியமுமேயாம். பல் பொருத்தத்தை நிரந்தரமாக மாற்றும் தகடுகளையும் தட்டை அகற்றும் ரண சிகிச்சையையும் அது உறுதியாக விலக்குகின்றது. சரகர் கூறிய கைத்திறம் ஈராயிரம் ஆண்டுகளுக்குப்பின் வேறு ஆதாரங்களோடு மீண்டு வந்திருக்கிறது. அவர் கூறிய ஒற்றடமும் வீட்டுச் சிகிச்சையில் தன் இடத்தை இழக்கவில்லை.

ஆதலின் தாடைவலியால் வருந்துபவர்கள் முதலில் செய்யத்தக்கவை எளியனவே. உதடுகள் சேர்ந்திருக்க, பற்கள் ஒன்றையொன்று தொடாமல், நா மேலண்ணத்தில் இலேசாகப் படிந்திருப்பதே தாடையின் இயல்பான ஓய்வு. பகலில் அடிக்கடி இதனை நினைவிற் கொள்ளவேண்டும். பொறுக்கத்தக்க வெந்நீரில் நனைத்த துணியால் கன்னத்திலும் பொட்டிலும் கால்மணி நேரம் ஒற்றடமிட்டு, அதன்பின் வாயை வலி தோன்றாத அளவுக்கு மெல்லத் திறந்து மூடிப் பழகலாம். சில வாரங்களுக்கு முறுக்கு, சீடை, கரும்பு, சூயிங்கம் ஆகியவற்றை விலக்கிக் குழைந்த சோறும் இட்லியும் போன்றவற்றை உண்பதும், கொட்டாவியின்போது மோவாயைக் கையால் தாங்குவதும் நலம். வலியில்லாத வெறும் சொடுக்குக்குச் சிகிச்சையே வேண்டுவதில்லை.

ஆனால் காயம்பட்ட சில நாட்களில் தாடை இறுகினால் அது வில்வாத ஜன்னியாகக்கூடும். நடக்கும்போது தாடையிலும் மார்பிலும் வலி தோன்றினால் அது இருதயத்தின் குறியாகக்கூடும். ஐம்பது வயதுக்கு மேற்பட்டவருக்குப் புதிதாக மெல்லும்போது வலியும், பொட்டில் தலைவலியும், பார்வை மங்கலும் சேர்ந்து வந்தால் அது இரத்தக்குழாயின் அழற்சியாகக்கூடும். காய்ச்சலோடு கன்னம் வீங்கி வாய் திறவாவிடில் அது கடைவாய்ப் பல்லின் சீழாகக்கூடும். இவற்றுள் எதுவும் ஒற்றடத்துக்குக் காத்திராது. உடனே வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும். மற்றையோரை நான் வேண்டிக்கொள்வது ஒன்றே: பல்லைத் தேய்க்கவோ, வரிசைக்கு உறையிடவோ, மூட்டைத் திறக்கவோ எவரேனும் சொன்னால், மூன்று மாத காலமாவது மேற்கூறிய எளிய சிகிச்சையைச் செய்து பார்த்த பின்னரே, இரண்டாவது வைத்தியர் ஒருவரின் அபிப்பிராயத்தையும் கேட்டு, முடிவு செய்யுங்கள்.